மாதம் 676 வெள்ளி (ரிங்கிட்): சுங்கை சிப்புட்டில் வேலை செய்துகொண்டே படிக்கும் ஒரு பெண்ணின் கணக்கு

வயது 20. மலேசியா, பேராக், சுங்கை சிப்புட். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை, அப்பா லாரி ஓட்டுகிறார், தம்பி ஐந்தாம் படிவம். இந்தப் பெண் ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கிறார், தினமும் மோட்டாரில் போய் வருகிறார். வெள்ளிக்கிழமை இரவும் சனி ஞாயிறும் டவுனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர். வாரத்துக்கு ஏறக்குறைய 22 மணி நேரம். படிப்புக் கட்டணம் பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடனில் போகிறது.

கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற எங்களிடம் 2025 மார்ச்சில் வந்தார். அவரும் அவருடைய அம்மாவும் சம்மதித்துத்தான் இதை எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, மாசம் நூறு வெள்ளி மிச்சம் பண்ணினா எதுல போடலாம்? தங்கமா, அமானா சஹாமா, இல்ல கிரிப்டோவா?"

அமானா சஹாம் என்பது அரசு சார்ந்த நிறுவனம் நடத்துகிற யூனிட் டிரஸ்ட், அதாவது பலருடைய பணத்தைச் சேர்த்து முதலீடு செய்கிற திட்டம். இந்த வயதில் எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். ஆனால் நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. பேங்க் ஸ்டேட்மெண்டையும் கடையில் கொடுக்கிற சம்பளச் சீட்டையும் கொண்டு வரச் சொன்னேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததிலிருந்து வேலை செய்கிறவர், சும்மா இருந்தவர் இல்லை. அப்படியிருந்தும் கணக்கில் நின்றது 212 வெள்ளி.

ஸ்டேட்மெண்டை வரிவரியாகப் பார்த்தோம். வீண் செலவு என்று விரல் வைக்க ஒன்றும் இல்லை. பணம் 700, 900 என்று ஏறும், ஆயிரத்தை நெருங்கும்போது ஒரே நாளில் காணாமல் போகும். ஒரு முறை அப்பாவின் மோட்டாருக்கு ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும். ஒரு முறை மாமா மகள் கல்யாணத்துக்கு மொய். ஒரு முறை கூரை ஒழுகிய செலவு. ஒரு முறை தம்பிக்கு டியூஷன் பாக்கி. எல்லாமே நியாயமான செலவுதான், யாரும் எதையும் ஏமாற்றி வாங்கவில்லை. ஏ.டி.எம். கார்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வரவேற்பறை ஷோகேஸில், சாமி பட அட்டைக்குப் பின்னால். பின் நம்பர் வீட்டில் நாலு பேருக்கும் தெரியும்.

தோட்டப் பகுதியிலும் அதை ஒட்டிய தாமான் குடியிருப்புகளிலும் நான் பார்த்த பிள்ளைகளில் ரொம்பப் பேருக்கு இதே நிலைமைதான். சிக்கனமாக இரு, காபி கடைக்குப் போகாதே என்று இவர்களுக்குப் புத்தி சொல்வதில் பயனில்லை, ஏற்கனவே சிக்கனமாகத்தான் இருக்கிறார்கள். சேர்க்கிற பணத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது வீட்டில் பேசப்படவே இல்லை, அதனால் கணக்கில் நிற்கிற காசு எல்லாருடைய அவசரத்துக்கும் உரியதாகிவிடுகிறது. அதைச் சரி செய்யாமல் எந்த முதலீட்டில் போட்டாலும் அடுத்த கல்யாணத்துக்கு அதுவும் கரைந்துவிடும்.

முதலில் சம்பளச் சீட்டு

சம்பளச் சீட்டு என்று ஒன்றே இல்லை. மாதக் கடைசியில் கையில் ரொக்கம், உறையின் மேல் பேனாவால் எழுதிய மணிக் கணக்கு. மணிக்கு 7 வெள்ளி, 88 மணி நேரம், 616 வெள்ளி. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பிடித்தம் கிடையாது, சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கிடையாது. "பார்ட் டைம்தானே, அதெல்லாம் பெர்மனண்ட் ஆளுக்குத்தான்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

இது தவறு, இந்த ஒரு தவறு எத்தனை பிள்ளைகளின் காசைத் தின்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அதே சட்டம். பகுதி நேர வேலையாட்களுக்கும் முதலாளி இ.பி.எஃப். கட்டியே ஆக வேண்டும். 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் நம் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு.

இந்தப் பெண் பயந்தார். கேட்டால் வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், பிடித்தம் ஆரம்பித்தால் கைக்கு வருகிற காசு குறையுமோ என்று இன்னொரு பயம். இரண்டாவது பயத்துக்குக் காகிதத்தில் பதில் இருந்தது, உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். 88 மணி நேரத்துக்கு 8.72 வீதம் 767 வெள்ளி. இ.பி.எஃப்.புக்கு நம் பங்கு 86 வெள்ளி, சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்து ஐந்து வெள்ளி சில்லறை. கைக்கு வருவது 676 வெள்ளி. அதாவது பிடித்தம் எல்லாம் போன பிறகும் பழைய 616-ஐவிடக் கூடுதல். அதற்கு மேல் முதலாளி பங்கு 102 வெள்ளி ஒவ்வொரு மாதமும் அவர் பெயரில் தனியாகப் போய்ச் சேரும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலாளியிடம் போய்ச் சட்டம் பேச வேண்டாம், கணக்கு எழுதுகிற ஆண்ட்டியிடம் போய், "போலிடெக்னிக்ல சம்பளச் சீட்டு கேக்குறாங்க, என் இ.பி.எஃப். நம்பர் இது" என்று ஆரம்பிக்கச் சொன்னேன். சீட்டுக்கான தேவையும் உண்மைதான், உதவித்தொகை மனு ஒன்றுக்குச் சம்பளச் சான்று கேட்டிருந்தார்கள். இரண்டு வாரம் இழுத்தார்கள். பிறகு மே மாதச் சம்பளத்திலிருந்து சரியாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முந்தைய மாதங்களின் பாக்கியை இன்னும் கட்டவில்லை. அதற்கு இ.பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், கட்டாத முதலாளியிடம் வாரியமே வசூலிக்கும். இந்தப் பெண் படிப்பு முடிகிற வரை அந்தக் கடையில் இருக்க வேண்டியிருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார், உறைகளை எல்லாம் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். அது அவருடைய முடிவு, நான் வற்புறுத்தவில்லை.

சொக்சோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றே முக்கால் வெள்ளி பிடித்தம் என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நடக்கிற விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. இரவு பத்தரைக்குக் கடை சாத்தி, விளக்கு சரியாக இல்லாத தோட்டத்து ரோட்டில் மோட்டாரில் வருகிற பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இ.பி.எஃப். கிழவர்களுக்கான பணம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2023-க்கு 5.50 விழுக்காடு, 2024-க்கு 6.30 விழுக்காடு ஈவு கொடுத்தது. இந்தப் பெண்ணின் பெயரில் மாதம் 188 வெள்ளி சேர்கிறது, இரண்டரை வருஷம் இப்படியே போனால் போட்ட தொகை மட்டும் 5,640. அதன் பிறகு அவர் ஒரு காசும் போடாமல், சராசரியாக ஆண்டுக்கு 5 விழுக்காடு கிடைத்தால், 22 வயதில் இருக்கிற தொகை 55 வயதில் ஐந்து மடங்காகும். அன்றைக்கு விலைவாசியும் ஏறியிருக்கும், அதை மறக்கக் கூடாது. இருந்தாலும் கேஷியர் வேலை பார்த்த பெண்ணுக்கு இருபத்தெட்டாயிரம் வெள்ளி. 2024 மே முதல் இ.பி.எஃப். மூன்று கணக்காகப் பிரிந்துவிட்டது, வருகிற தொகையில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்கு, 15 செஜாத்ரா (வீடு, படிப்பு, மருத்துவம் மாதிரித் தேவைக்கு), 10 ஃபிளெக்சிபல். அந்தக் கடைசிப் பத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்காதே என்று நான் சொன்னேன், ஆப்பில் அந்தப் பொத்தான் ரொம்பச் சுலபமான இடத்தில் இருக்கிறது.

அம்மாவிடம் பேசிய நாள்

இதுதான் கடினமான பகுதி. வீட்டுக்குத் தெரியாமல் வேறு பேங்கில் ஒளித்து வை என்று சில அண்ணன்மார் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒளித்த காசு ஒரு நாள் தெரியவரும், அன்றைக்கு அந்த வீட்டில் உடையப்போவது சேமிப்பு மட்டும் இல்லை. அம்மா வெயிலில் உர மூட்டை தூக்கி வளர்த்த பிள்ளை, வீட்டுக்குக் கொடுக்காமல் இருக்கவும் கூடாது. ஆனால் எவ்வளவு என்று ஒரு எண் வேண்டும்.

ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாதம் 200 வெள்ளி சம்பளம் வந்த அன்றே அம்மா கையில், கேட்காமலே. அதற்கு மேல் தேவைப்பட்டால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசித்தான். இதைச் சொன்னதும் அம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என் மவ காசுக்கு நான் கணக்குக் கேட்டேனா, இப்ப எனக்கே கணக்கா?" என்றார். நியாயமான வருத்தம்தான்.

பேச்சு எங்கெங்கோ போய் அவருடைய அப்பாவிடம் வந்து நின்றது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, வேலையும் லயத்து வீடும் சேர்ந்து போன காலம். 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார், அவரும் இதே சுங்கை சிப்புட்டுக்காரர்தான். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு எடுத்தார்கள், மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. இந்த அம்மாவின் அப்பாவும் பங்கு எடுத்தவர். "அப்பா சங்கத்துக்குன்னு பத்து வெள்ளிய எடுத்து வச்சிட்டா, வீட்டுல அரிசி இல்லன்னாலும் அதுல கை வைக்க மாட்டோம்" என்றார் அம்மா. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ஷோகேஸைத் திறந்து கார்டை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு, "மாசம் எரநூறு. தீபாவளி மாசத்துக்கு முந்நூறு" என்றார். ஒப்புக்கொண்டோம்.

பழைய கணக்கு வீட்டுக் கணக்காகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வேறு பேங்கில் புதிதாக ஒன்று திறந்தார், கார்டு வாங்காமல். பேங்க் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று தம்பி கேட்டான், நல்ல கேள்விதான். பி.ஐ.டி.எம். என்கிற வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு ஒரு பேங்குக்கு ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை உண்டு, நம் 200, 300-க்கு அந்தக் கவலை தேவையில்லை.

மிச்சம் 201 வெள்ளி

676-இல் வீட்டுக்கு 200, பெட்ரோலுக்கும் மோட்டார் சர்வீசுக்கும் 90, போனுக்கு 35, போலிடெக்னிக்கில் சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 150. மிச்சம் 201. அதில் 60 புதிய பேங்க் கணக்குக்கு, மோட்டார் ரிப்பேர், மருந்து மாதிரி அவசரத்துக்கு மட்டும். 80 அமானா சஹாம் மலேசியாவுக்கு. 61 வெள்ளி அவர் இஷ்டம், அதற்கு நான் கணக்குக் கேட்பதில்லை.

ஏன் அமானா சஹாம் மலேசியா? ஒரு யூனிட் ஒரு வெள்ளி, விலை மாறாது, சேரும்போது கட்டணம் கிடையாது, சின்னத் தொகையில் ஆரம்பிக்கலாம். அண்மை ஆண்டுகளில் 4 முதல் 5 விழுக்காட்டுக்குள் ஈவு வந்திருக்கிறது. வேறு பல யூனிட் டிரஸ்டில் நுழைவுக் கட்டணமே 5 விழுக்காடு வரை போகும், 80 வெள்ளி போடுகிற பிள்ளைக்கு அது அநியாயம். குறை என்னவென்றால் பூமிபுத்ரா (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடிகளும்) அல்லாதவர்களுக்கான ஒதுக்கீடு எப்போதும் கிடைக்காது. ஆப்பில் 80 என்று போட்டால் யூனிட் போதவில்லை என்று வரும், 30 போட்டால் போகும், சில நாள் 10 கூடப் போகாது. இந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில், லெக்சர் இடைவேளையில் என்று பத்தும் இருபதுமாகப் பிடித்துச் சேர்க்கிறார். அந்த மாதம் பிடிக்க முடியாதது பேங்க் கணக்கிலேயே நிற்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈவு ஒவ்வொரு மாதத்தின் மிகக் குறைந்த இருப்பை வைத்துத்தான் கணக்காகிறது. சம்பளம் 28-ஆம் தேதி வருகிறது. 30-க்குள் வாங்கிவிட்டால் அடுத்த மாதம் முழுக்கக் கணக்கில் சேரும், இரண்டு நாள் தள்ளிப் போட்டால் அந்த மாதம் போச்சு. நடுவில் எடுத்தாலும் அதே நஷ்டம்.

ஆனால் கனவு காண வேண்டாம். மாதம் 80 வீதம் போட்டு, 4.5 விழுக்காடு கிடைத்தால், முதல் வருஷ ஈவு ஏறக்குறைய 20 வெள்ளி. அவ்வளவுதான். சம்பளச் சீட்டைக் கேட்டதால் வந்தது மணிக்கூலியில் மாதம் 151 வெள்ளியும் முதலாளி பங்கு 102 வெள்ளியும். எதில் போடலாம் என்று பிள்ளைகள் மணிக்கணக்கில் வீடியோ பார்க்கிறார்கள், உறையின் மேல் எழுதியிருக்கிற மணிக்கூலியைப் பார்ப்பதில்லை. முதல் சில வருஷங்களுக்கு உண்மையான லாபம் அந்த உறையில்தான் இருக்கிறது.

அம்மா கூட்டு (சீட்டு) கட்டுகிறார். 12 பேர், மாதம் 100, குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு 1,200. மகள் பேரில் ஒன்று போடலாம் என்று ஆசை. கூட்டினால் எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள், நான் அதைக் கேவலமாகப் பேச மாட்டேன். ஆனால் முதலில் எடுப்பவருக்கு வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவர் பதினொரு மாதம் இலவசமாகக் கடன் கொடுத்தவர். நடுவில் யாராவது கட்டாமல் ஊரைவிட்டுப் போனால் கேட்கப் போக இடமில்லை, கூட்டுப் பிடித்து நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. மகள் சேரவில்லை. தங்கம் கல்யாணத்துக்கு வேண்டுமென்றால் வாங்கட்டும், ஆனால் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது, அதைச் சேமிப்பு என்று எழுத வேண்டாம் என்றேன்.

டெலிகிராமில் 500 போட்டால் ஒரு வாரத்தில் 5,000 என்று தம்பியின் நண்பன் காட்டினான். அது மோசடி. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பேங்க் நெகாராவும் செக்யூரிட்டீஸ் கமிஷனும் எச்சரிக்கைப் பட்டியல் போடுகின்றன, பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997-க்கு அடிக்க வேண்டும், தாமதித்தால் பிடிக்க முடியாது.

தம்பியின் மோட்டார்

ஆகஸ்டில் உண்மையான சோதனை வந்தது. தம்பிக்கு வொய்15 மோட்டார் வேண்டும். அவனுக்கு வயது 17, கடன் கிடைக்காது. அக்காவுக்கு இப்போது சம்பளச் சீட்டு இருக்கிறது. "உன் பேர்ல எடு, மாசா மாசம் நான் கட்டுறேன்" என்கிறார் அப்பா.

9,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு ஃபிளாட் வட்டி, நாலு வருஷம் என்று வைத்துப் பார்த்தோம். வட்டி 3,600, மொத்தம் 12,600, மாதத் தவணை 262 வெள்ளி 50 காசு. பத்து விழுக்காடு என்றுதான் காதில் விழும், ஆனால் ஃபிளாட் வட்டியில் முதல் குறையக் குறைய வட்டி குறையாது, நாலாம் வருஷமும் முழு 9,000-க்கே வட்டி கட்டிக்கொண்டிருப்போம். குறைகிற பாக்கிக்கு வட்டி என்கிற வீட்டுக் கடன் கணக்கில் பார்த்தால் அது ஆண்டுக்கு 17 விழுக்காட்டுக்கு மேல். 4, 5 விழுக்காடு சம்பாதிக்க யூனிட் தேடி அலைகிற பெண், 17 விழுக்காட்டுக் கடனில் கையெழுத்துப் போடுவதா? அதுவும் லாரி ஓட்டம் குறைந்த மாதத்தில் தவணை நின்றால் கெட்டுப்போவது அவருடைய சிசிரிஸ் பதிவு, அதாவது பேங்குகள் பார்க்கிற கடன் வரலாறு, நாளைக்கு வேலையில் சேர்ந்து வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

அப்பாவிடம் மகள் தானே பேசினார், நான் போகவில்லை. "அப்பா, தவணை 262, என் மிச்சமே 201, ஒரு மாசம் உங்களால முடியலன்னா என்னால தாங்க முடியாது" என்று காகிதத்தைக் காட்டியிருக்கிறார். அப்பாவுக்குக் கோபம், இரண்டு நாள் பேச்சில்லை. கடைசியில் ஒரு பழைய இஎக்ஸ்5-ஐ 2,600-க்கு ரொக்கமாக வாங்கினார்கள். அம்மாவுக்குக் கூட்டு விழுந்த 1,200, அப்பா 1,200, மகள் அவசரக் கணக்கிலிருந்து 200. அந்த 200 சரியான செலவு என்பதே என் அபிப்பிராயம். சேமிப்பு குடும்பத்தைத் தள்ளி வைக்கிற வேலியாக ஆகக் கூடாது, எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவர் அப்படித்தான் கொடுத்தார்.

இப்போது

நவம்பர் கடைசியில் பார்த்தபோது அமானா சஹாமில் 510 வெள்ளி, அவசரக் கணக்கில் 220, இ.பி.எஃப்.பில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. தீபாவளிக்கு அம்மாவுக்கு முந்நூறு சரியாகப் போனது. பெரிய தொகை இல்லை. ஆனால் இதில் ஒரு வெள்ளி எங்கே போனது என்று கேட்டாலும் அந்த வீட்டில் நாலு பேரும் பதில் சொல்வார்கள்.

அடுத்த சிக்கல் தொழிற்பயிற்சி. ஒரு செமஸ்டர் முழுக்கக் கம்பெனியில், ஈப்போவிலா பினாங்கிலா என்று இன்னும் தெரியவில்லை. பினாங்கு என்றால் அறை வாடகை வரும், சூப்பர்மார்க்கெட் வேலை போகும், கம்பெனி கொடுக்கிற படியை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அதனால் ஜனவரியிலிருந்து அமானா சஹாமுக்குப் போகிற 80-ஐ நிறுத்தி, மிச்சமெல்லாம் அவசரக் கணக்குக்கே என்று மாற்றியிருக்கிறோம். பயிற்சி மாதங்களில் வீட்டுக்கு 200 முடியாது, ஐம்பதா, ஒன்றுமே இல்லையா என்று பேச வேண்டும். அதை இந்த முறை அம்மாவே ஆரம்பித்துவிட்டார், போன வாரம் எனக்குப் போன் அடித்து, "அவ அங்க போனா நான்தானே அனுப்பணும், எவ்வளவு ஆகும்னு ஒரு கணக்குப் போட்டுக் குடும்மா" என்றார். வரும் ஞாயிறு உட்காருகிறோம்.